வலக்கால் அடுக்கு

எங்கள் தையல் கூடத்தில் ஜோடியண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று அவரே திரும்பிப் பார்ப்பார். அதனால் அந்தப் பெயரை நாங்கள் தொந்தரவு செய்வதில்லை.

அவர் வேலை, பேண்ட்டின் கால்களை ஜோடி சேர்ப்பது. எங்களிடம் பேண்ட் பேண்ட்டாகப் பிறப்பதில்லை. இடக்கால் ஒரு மெஷினில், வலக்கால் இன்னொரு மெஷினில் என்று தனித்தனியாகத் தைத்து, இரண்டு துணிக்குழாய்களாக நடுவில் இருக்கும் அண்ணனின் மேசைக்கு வரும். அவர் ஒரு காலைப் புரட்டி, அதற்குள் இன்னொரு காலை நுழைத்து, இடுப்பிலிருந்து வளைந்து இறங்கி மறுபடி இடுப்புக்கே ஏறும் அந்த ஒரே ஒரு தையலைப் போடுவார். உள்ளே இருக்கும் காலை உருவினால் பேண்ட். அதன்பின் எலாஸ்டிக் போடுகிறவள் இடுப்பை முடித்து என்னிடம் தள்ளுவாள். நான் செக்கிங். குறை கண்டுபிடிப்பதற்கென்றே உட்கார வைக்கப்பட்டிருப்பவள். "அந்த வேலையை அங்கேயே விட்டுட்டு வீட்டுக்கு வரக் கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். வராது. ஊறிப்போன புத்தி.

அண்ணனுக்கு வாய் என்று ஒன்று இருப்பதே டீ வரும்போதுதான் தெரியும். ஆமாம் என்றாலும் தலையாட்டுவார், இல்லை என்றாலும் அதே தலையாட்டல். எது எது என்று அவர் மனைவிக்கு மட்டும் புரியும். அப்படிப்பட்ட மனிதர் பேச ஆரம்பித்ததற்குக் காரணம் லேபிள்காரர்.

வெளியூர் சரக்கு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் லேபிள் வேண்டியிருந்தது. 'பேண்ட்' என்று போடச் சொன்ன முதலாளியிடம் லேபிள்காரர் பதறிப் போய்ச் சொன்னார். "அப்படிப் போட்டா சிரிப்பாங்க சார். பேண்ட்ஸ். ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் பேண்ட்ஸ்தான். ஷார்ட்ஸ், ஜீன்ஸ், லெகிங்ஸ், எல்லாம் அப்படித்தான். ரெண்டு கால் வச்சுத் தைக்கிற எதுக்கும் அந்த பாஷையில ஒருமையே கிடையாது."

நாங்கள் சிரித்தோம். காலம் முழுக்க ஜீன்ஸ் ஜீன்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தும் அந்த வாலில் ஒட்டியிருக்கும் 'ஸ்' எதற்கு என்று ஒருத்தியும் யோசித்ததில்லையே என்று சிரித்தோம். ஜோடியண்ணன் சிரிக்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, நெடுநாள் வழக்கில் ஜெயித்தவரைப் போல எங்களைச் சுற்றிப் பார்த்தார். "நான் எப்பவோ சொன்னேன்" என்றார். அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து பேண்ட்டைப் பற்றி ஒருமையில் பேசுவதை நிறுத்திவிட்டார். நம் பேச்சில் ஒருமையை விட்டால் அடுத்து மரியாதைதானே? பேண்ட்டுக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. "அவங்க எலாஸ்டிக்குக்குப் போயிட்டாங்க" என்பார். "ஈரமா இருக்காங்க, கொஞ்சம் பொறுத்து மடிங்க" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரோ பெரிய மனிதர்கள் நனைந்துகொண்டே வந்துவிட்டார்கள் என்று வாசலைப் பார்ப்பார்கள்.

அவர் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "கட்டின நாள்லேருந்து என்னை வாடி போடின்னுதான் கூப்பிடுறார். கொடியில தொங்குறதுக்கு வாங்க போங்க!"

எலாஸ்டிக்காரி ஒருநாள் மடக்கினாள். "ஏண்ணா, சட்டைக்கும்தான் ரெண்டு கை இருக்கு. அது மட்டும் ஏன் ஒண்ணு?"

அண்ணன் ஊசியைத் தூக்கி நிறுத்திவிட்டு யோசித்தார். "சட்டைக்கு உடம்பு இருக்கு. கை வந்து ஒட்டிக்குது. பேண்ட்டுங்களுக்கு உடம்பு ஏது? ரெண்டு கால் சேர்ந்தாத்தான் உடம்பு. சேரலைன்னா ரெண்டு பை."

நான் சும்மா இருப்பேனா? பெண்கள் ரவிக்கைக்கு உள்ளே போடும் உடுப்பு ஒன்றைச் சொல்லி, "அதுக்கு மட்டும் ஏண்ணா 'ஸ்' இல்ல?" என்று கேட்டேன். காது இரண்டும் சிவந்து, குனிந்த தலை நிமிராமல், துணியே வைக்காமல் மெஷினை ஓட்டினார்.

இப்போது அந்த இரண்டு கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனின் இடப்பக்கம் உட்கார்ந்து இடக்கால் தைப்பவர் அவர் மனைவி. கூடத்தில் எல்லோருக்கும் அண்ணி. வலப்பக்கம் உட்கார்ந்து வலக்கால் தைப்பவள் அவருடைய கூடப்பிறந்த ஒரே தங்கை. அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம். தங்கைக்கு நாக்கு நுனியில் கோபம். நடுவில் ஊசியோடு அண்ணன்.

தங்கையைப் பற்றி நான் நல்லதாக ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லப் பிடிக்காவிட்டாலும். அவள் தையலில் குறை கிடையாது. எப்போதாவது ஒரு காலை நான் திருப்பி அனுப்பினால் சண்டைக்கு வருவாள். "எங்க? எந்த இடம்? விரலை வச்சுக் காட்டு." வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அளந்து, என்னையும் ஒருமுறை மேலும் கீழும் அளந்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போவாள். திரும்பி வந்த காலை அவரவர் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்பது கூடத்தின் விதி. அது அவளுக்குப் பெரிய அவமானம்.

அண்ணனும் தங்கையும் சின்ன வயதில் பெற்றவர்களை இழந்து, ஒரே பெட்டியோடு இந்த ஊருக்கு வந்தவர்கள். அவர் முதன்முதலில் தைத்தது இவளுக்கு ஒரு கவுன். அதில் கழுத்து வைக்க மறந்துவிட்டார் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகி அண்ணி வந்த பிறகும் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தார்கள், துணி காயப்போடும் கொடியில் சண்டை வரும்வரை.

அண்ணி பேண்ட்டை இடுப்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். தங்கை அதைக் கழற்றித் தலைகீழாக, கால்நுனியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். அண்ணி வந்து நிமிர்த்துவார். இவள் வந்து கவிழ்ப்பாள். பேண்ட் காய்ந்ததோ இல்லையோ, இருவருக்கும் தொண்டை காய்ந்தது. கடைசியில் ஒருநாள் அண்ணி சொல்லக் கூடாததைச் சொன்னார். "இது என் வீட்டுக் கொடி. எனக்குத் தெரியும் எப்படிக் காயப்போடணும்னு."

என் வீடு. அந்த ஒரு வார்த்தைதான். அந்த வாரமே தங்கை பேக்கரிக்கு மேலே ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. நடுவில் அண்ணனின் மேசை மட்டும்தான். கை நீட்டினால் தொடலாம். ஆனால் எல்லாமே அண்ணன் வழியாகத்தான் போகும்.

"என்னங்க, உங்க தங்கச்சி நூல்கண்டு என் பக்கம் உருண்டு வந்திருக்கு. எடுத்துக்கச் சொல்லுங்க."

"அண்ணா, அது உருண்டு வரலை, காத்துல வந்துச்சு. ஃபேனை யாரு என் பக்கம் திருப்புனாங்கன்னு கேளு."

இரண்டு பக்கத்துக்கும் அண்ணன் தலையாட்டுவார். மதியம் அதைவிட மோசம். அண்ணி கொண்டுவந்த டிபன் பாக்ஸ் இடப்பக்கம், தங்கை கொண்டுவந்த டிபன் பாக்ஸ் வலப்பக்கம். ஒன்றில் மீதி வைத்தால் அன்று சாயங்காலம் வரை தொலைந்தார். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று இரண்டையும் வழித்துச் சாப்பிட்டு, ஒல்லியாக இருந்த மனிதருக்குத் தொப்பை வந்துவிட்டது. "பேண்ட்டுங்க இறுக்குறாங்க" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நாங்கள் சிரிப்போம். சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவப் போகும்போது முகத்தைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நோயாளிகளுக்கான பேண்ட். எலாஸ்டிக் இடுப்பு, பட்டன் ஜிப் எதுவும் கிடையாது, ஒவ்வொரு காலிலும் தொடைக்கு முன்னால் ஒரு பாக்கெட். வேலை தொடங்கிய அன்றே தங்கை முதலாளியிடம் போய் நின்றாள். வேறொரு ஊரில் சட்டை தைக்கும் கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறதாம்.

"எடுத்த வேலையை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன் சார். என் கால் அத்தனையும் ஜோடி சேர்ந்து வெளிய போகட்டும். அன்னிக்கே கிளம்பிடுறேன். இனிமே சட்டைதான். பேண்ட்டே வேணாம்."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள். அண்ணி மெஷினை இன்னும் வேகமாக ஓட்டினார். அண்ணன் தலையாட்டினார். எந்தத் தலையாட்டல் என்று அன்று அவர் மனைவிக்கே புரிந்திருக்காது. நான் தங்கையோடு சண்டை போடாத ஒரு நாளை நினைத்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது.

வேலை மும்முரமாக நடந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. அண்ணனின் மெஷின் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்கிறது. எனக்கு வரும் பேண்ட்டோ கொஞ்சமாக வருகிறது. எலாஸ்டிக்காரியைக் கேட்டால், "எங்கிட்ட வந்தாத்தானே உனக்கு அனுப்ப?" என்கிறாள். இடப்பக்கம் அண்ணி வியர்த்து வழியத் தைக்கிறார். தைத்து வைக்க வைக்க இடக்கால் அடுக்கு கரைந்துவிடுகிறது. வலப்பக்கத்தில் வலக்கால் அடுக்கு மேசையைத் தாண்டி, தங்கையின் தோளைத் தாண்டி வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணி எழுந்து நின்றுவிட்டார். "சார், இடது வெட்டுத்துணி தீர்ந்துபோச்சு."

முதலாளி ஓடிவந்தார். வெட்டியது அவரே. "அதெப்படித் தீரும்? இடது எவ்வளவோ வலது அவ்வளவுதான் வெட்டுனேன். அந்தப் பக்கம் பாரு, மலையா இருக்கு. ஜோடிக்கு இடது எங்க?"

"என்னைக் கேக்காதீங்க சார். போகப் போறவங்களைக் கேளுங்க. போறப்ப எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டுப் போகலாம்னு இருக்காங்க போல."

தங்கை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "என்ன அண்ணி சொல்றீங்க? உங்க காலை நான் திருடினேங்கிறீங்களா?"

கூடத்தில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. அவள் திருடினாளா இல்லையா என்பதற்காக இல்லை. இத்தனை மாதத்தில் அண்ணி என்று அவள் நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணியும் ஒரு நொடி தடுமாறிவிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டு, "ஆமாண்டி! வேற யாரு எடுப்பா?" என்றார்.

"உங்க காலை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? இங்க என் காலையே எடுக்க ஆளில்லாம கிடக்கு!"

எல்லோரும் அந்த வலக்கால் மலையைப் பார்த்தோம். எடுக்க வேண்டிய ஆள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. அப்போதுதான் எனக்குள் இருக்கும் செக்கிங்காரி விழித்துக்கொண்டாள். அண்ணன் ஏன் இப்படி முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிறார்? காலுக்குக் கீழே என்ன?

குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் பெரிய சாக்குப் பை. அதன்மேல்தான் பாதத்தை வைத்திருந்தார். இழுத்தேன். அவரும் பிடித்து இழுத்தார்.

"விடுங்கண்ணா."

"வேணாம்மா. அவங்க இன்னும் ரெடியாகலை."

"யாரு ரெடியாகலை?"

"பேண்ட்டுங்க."

பிடுங்கிப் பிரித்துக் கொட்டினேன். முழுக்க பேண்ட். ஒன்றை எடுத்து விரித்தேன். ஒரு பாக்கெட் முன்னால் இருக்கிறது. இன்னொரு பாக்கெட்டைக் காணோம். திருப்பினேன், பின்பக்கத் தொடையில் இருக்கிறது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். மனிதர் இடக்காலையும் இடக்காலையும் ஜோடி சேர்த்து வைத்திருக்கிறார்!

குறையை விளக்கிக் காட்டுவது என் தொழில் தர்மம். உடுத்தியிருந்த துணிக்கு மேலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நடந்து காட்டினேன். ஒரு கால் முன்னால் பார்க்கிறது, ஒரு கால் பின்னால் பார்க்கிறது. பாதி வருகிறேன், பாதி போகிறேன். எலாஸ்டிக்காரி மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். முதலாளிக்குக்கூடத் திட்ட வாயைத் திறந்து சிரிப்புதான் வந்தது. "யோவ், இதைப் போட்டுக்கிட்டு நோயாளி எந்தப் பக்கம்யா நடப்பான்?"

அண்ணி சிரிக்கவில்லை. அவர் சாக்குப் பையைப் பார்த்தார். குறையாமல் நின்ற வலக்கால் அடுக்கைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அந்தத் தலையாட்டலைப் படிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் போகுமா?

"இதுக்கா?" என்றார் மெதுவாக.

ஜோடியண்ணன் கையில் இருந்த கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அந்த அடுக்கு தீர்ந்தா அவ போயிடுவால்ல" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணும் கலங்கியது. நான் அந்தக் கோமாளி பேண்ட்டோடு நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பாக்கெட்டில் கைக்குட்டை என்று முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருந்தேன்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கும் முகம் இல்லை அது, சண்டைக்குக் கூப்பிடும் முகம்தான். அவருக்கு இருப்பது ஒரே முகம். "பேண்ட்டை நீ எப்படி வேணும்னாலும் காயப்போட்டுத் தொலை. தலைகீழாப் போடு, குறுக்காப் போடு. அது என் வீட்டுக் கொடின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது. கொடி எல்லாருக்கும்தான். வீடும்தான்."

தங்கை தள்ளிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "தலைகீழ் இல்ல அண்ணி" என்றாள். "இடுப்புதான் கனம். கனம் கீழ தொங்கினாத்தான் சுருக்கம் விழாது."

"பாருங்க, ஆரம்பிச்சுட்டா!" என்றார் அண்ணி, எங்கள் எல்லோரையும் சாட்சிக்கு இழுத்து.

ஆனால் போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, அங்கே மெஷின் ஒதுக்கியாயிற்று. அவளுக்கும் ரோஷம் இருக்கிறது.

சேர்த்ததையெல்லாம் பிரிக்க வேண்டியிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து பிரித்தார்கள். ஒரு காலை அண்ணி இழுத்துப் பிடிக்க, ஒரு காலைத் தங்கை இழுத்துப் பிடிக்க, நடுவில் அண்ணன் நூலை வெட்டினார். "நல்லா இழு", "நீங்க இழுக்கறதுல துணி கிழியப் போகுது" என்று இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். அண்ணனுக்குத் தூது போகும் வேலை போய்விட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார்.

பிறகு சரியான ஜோடிகளாகச் சேர்க்கத் தொடங்கினார். வலக்கால் அடுக்கு தங்கையின் தோளுக்குக் கீழே வந்தது, மேசைக்கு வந்தது, கடைசியில் ஒரே ஒரு கால் ஆனது. தங்கை அன்று தன் துணிப் பையைக் கையோடு கொண்டுவந்து மெஷினுக்கு அடியில் வைத்திருந்தாள். அண்ணன் அந்தக் கடைசிக் காலை எடுத்து, தடவி, நூல் தட்டி, மறுபடி தடவி, ஒருவழியாகச் சேர்த்தார். எலாஸ்டிக் ஏறியது. என் மேசைக்கு வந்தது.

இத்தனை வருடத்தில் ஒரு துணியில் குறை இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றுதான். வலக்காலை உள்ளே பார்த்தேன், வெளியே பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். பாவி, ஒரு நூல்கூடப் பிசகாமல் தைத்து வைத்திருந்தாள். வேறு வழியில்லாமல் மடிக்கப் போனேன்.

"குடு இங்க" என்றது ஒரு குரல். தங்கை எழுந்து வந்து பேண்ட்டை என் கையிலிருந்து வாங்கினாள். வலக்காலைத் திருப்பி, தையலை விரலால் நீவிப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"இது சரியில்லையே" என்றாள்.

"எங்க? எந்த இடம்? விரலை வச்சுக் காட்டு" என்றேன். என் வாய் எந்த நேரத்திலும் சும்மா இருக்காது.

அவள் காட்டவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, அந்த அருமையான தையலை ஊசி நுனியால் ஒவ்வொரு கண்ணாகப் பிரிக்க ஆரம்பித்தாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் காது இரண்டும் சிவந்திருந்தது.

இடப்பக்கத்திலிருந்து அண்ணி, "மெதுவாப் பிரி. ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

அன்று சாயங்காலம் அந்தத் துணிப் பையை அண்ணிதான் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆஸ்பத்திரிக்கு அந்த ஒரு பேண்ட்டுக்குப் பதிலாக முதலாளி வேறு துணி வெட்டித் தைத்து அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் எத்தனையோ ஆர்டர் வந்து போய்விட்டது. அந்த பேண்ட் மட்டும், ஒரு கால் முடிந்தும் ஒரு கால் பாதி பிரிந்தும், தங்கையின் மெஷின் பக்கத்து ஆணியில் கால்நுனியில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்குகிறது. "அது எப்பய்யா முடியும்?" என்று முதலாளி எப்போதாவது கேட்பார்.

"அவங்க இன்னும் ரெடியாகலை சார்" என்பார் ஜோடியண்ணன்.